காப்பர் டி போட்டுக்கொண்ட பொம்மைக்காரி

அலசீத்தாஸ் சந்தையில் பகல் பன்னிரண்டு மணி அடிக்கும்போது கூடப் பிறந்தவளைக்கூட இடித்துத் தள்ளிவிட்டுத்தான் ஓடுவார்கள். ஜனவரி இருபத்து நாலாம் தேதி உச்சி வேளையில் எந்தப் பொம்மை கைக்கு வருகிறதோ, அது அந்த வருஷத்துக்குள் நிஜமாகவே வீடு வந்து சேரும் என்று லா பாஸ் நகரம் முழுக்க நம்புகிறது. அதனால் தீப்பெட்டி அளவு வீடு, சுண்டுவிரல் அளவு லாரி, நகத்தளவு பாஸ்போர்ட் என்று ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டு, புகை போட்டு ஆசீர்வதிக்கிற யத்திரிக் கிழவர்களிடம் முண்டியடிப்பார்கள். கோட்டுப் போட்ட வக்கீல்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்பார்கள். கேட்டால், சும்மா ஒரு வழக்கத்துக்கு என்பார்கள்.

இலாரியாவின் கடையில் கிடைப்பது குழந்தைகள். பிளாஸ்டர் மாவைக் கரைத்து அச்சில் ஊற்றி, காயவைத்து, வர்ணம் அடித்த கட்டைவிரல் குழந்தைகள். ஆணுக்கு நீலத் துணி, பெண்ணுக்கு ரோஜா நிறத் துணி, பேராசைக்காரர்களுக்கு இரட்டைக் குழந்தை. கண்ணும் புருவமும் எழுதுவது அவள் புருஷன் செவேரோ. மற்ற நாளில் எல் ஆல்ட்டோ மேட்டுக்கும் லா பாஸ் பள்ளத்துக்கும் இடையே வேன் ஓட்டுகிறவன், சந்தை நெருங்கினால் தூரிகையைப் பிடித்துவிடுவான்.

"உனக்கு நீயே வாங்கிக்காத கசேரிட்டா, பலிக்காது," என்று இலாரியா அன்றைக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரியும் வாடிக்கைக்காரியும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "உங்க அக்காவ வாங்கித் தரச் சொல்லு. அடுத்தவங்க கையால வாங்கித் தந்தாத்தான் உன்னோட ஆசை நெறவேறும்."

நாள் முழுக்க இதையே சொல்வாள். வாய் சொல்லும், காது கேட்பதை என்றைக்கோ விட்டுவிட்டது.

மணி அடித்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு செவேரோ வந்தான். தொப்பி கோணலாக இருந்தது, கையில் காகிதப் பொட்டலம். இலாரியா வாங்கிப் பிரித்தாள். நீலத் துணி சுற்றிய குழந்தை. சொந்தக் கடைச் சரக்கையே எடுத்து நீட்டினால் அது வாங்கித் தந்ததாகாது என்பதால் வேறு கடையில் வாங்கியிருந்தான். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. 'இதை எவன் செஞ்சான், அச்சைக் கழுவறதே கெடையாதா?' என்று தொழில்காரிப் புத்தி முதலில் கேட்டது. பிறகுதான் அது எதற்கு வந்திருக்கிறது என்று உறைத்தது.

"புடிச்சிருக்கா?" என்றான் செவேரோ.

"நல்லாருக்கு," என்றாள்.

இரண்டு பேருமாகப் போய்ப் புகை காட்டினார்கள். யத்திரிக் கிழவர் சாராயத்தைத் தெளித்து, பூவிதழைத் தூவி, வருஷம் முடியறதுக்குள்ள வீட்டுல அழுகைச் சத்தம் கேக்கட்டும் என்று வாழ்த்தினார். இலாரியா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் அதற்கு முந்தின வாரமே சுகாதார நிலையத்தின் வாசல் வரை போய்த் திரும்பியிருந்தாள். கர்ப்பம் வராமலிருக்க ஒரு வழி வேண்டும் என்று கேட்கப் போனவள் அவள்.

அது மூன்றாவது பொம்மை. முதல் இரண்டும் வீட்டு அலமாரியில், எக்கெக்கோவின் காலடியில் இருந்தன. எக்கெக்கோ என்றால் வயிறு பெருத்த, வாய் சிரித்த, உடம்பெல்லாம் மூட்டை தொங்குகிற குட்டிச் சாமி. கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பார், ஏமாற்றினால் கோபிப்பார். வெள்ளிக்கிழமை தோறும் செவேரோ அவர் வாயில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துச் செருகுவான்.

இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பையன் பிறந்தான். பிறந்தான் என்று சொல்லலாம், அன்றைக்கே போய்விட்டான். இலாரியாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. முகம் தெரியாத யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றிக் கண்ணைத் திறக்க வைத்தார்கள். அவள் கண் திறந்தபோது செவேரோ எல் ஆல்ட்டோ கல்லறையில் புதைத்துவிட்டுத் திரும்பியிருந்தான். ஷூவில் செம்மண் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஜனவரியில் முதல் பொம்மை வந்தது.

மனுஷனுக்குப் பிள்ளை ஆசை விடவில்லை என்று இலாரியா முடிவுகட்டினாள். வாயால் கேட்கக் கூச்சம், பொம்மையால் கேட்கிறான். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்தால் அவளுக்குக் கால் விரல்கள் சில்லிட்டுப்போகும். முதுகுவலி என்பாள், நோன்பு நாள் என்பாள், பிள்ளைகள் இன்னும் தூங்கவில்லை என்பாள். பாவம், அந்த மனுஷன் ஒருதரம்கூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சந்தை முடிந்த கையோடு இந்தத் தடவை வாசலில் நிற்காமல் உள்ளே போனாள். மிர்த்தா என்கிற நர்ஸ் எதிரில் உட்கார வைத்தாள்.

"குழந்தை இப்போதைக்கு வேணாமா, இனிமே வேணவே வேணாமா?"

"சாக வேணாம்," என்றாள் இலாரியா.

மிர்த்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். தினமும் ஒரு மாத்திரை. படுக்கைக்கு அடியில் ஒளித்தால் செவேரோ கண்ணில் பட்டுவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. பொம்மை மூட்டையோடு ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகிறவளுக்கு அந்த நாள் தவறிப்போகும். கைச்சதைக்கு அடியில் வைக்கிற குச்சி.

"தொட்டா தட்டுப்படுமா நர்ஸம்மா?"

"தட்டுப்படும்."

"அப்ப அது வேணாம்."

மிர்த்தா ஒரு காப்பர் டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். இலாரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எவ்ளோ நைஸா செஞ்சிருக்காங்க! அலசீத்தாஸ்ல வெச்சா பிச்சுக்கிட்டுப் போகும்."

"அத வாங்கறவங்களுக்குக் கொழந்த பொறக்காது, உன் கடைய ஒடச்சுடுவாங்க," என்று சிரித்த மிர்த்தா பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள். "இது கர்ப்பப்பைக்குள்ள இருக்கும். கரு உண்டாக விடாது. பல வருஷம் தாங்கும். வேணாம்னா என்னைக்கு வேணாலும் எடுத்துடலாம், எடுத்தப்புறம் புள்ள உண்டாகும். ஆனா மொதல்ல சில மாசம் தீட்டு அதிகமாப் போகும், வலிக்கும். உனக்கு ஏற்கனவே ரத்தம் கொட்டின உடம்பு. அத யோசிக்கணும்."

விரலைக் குத்திச் சோதித்தாள். ரத்தம் கொஞ்சம் குறைவுதான், போடவே கூடாது என்கிற அளவுக்கு இல்லை என்றாள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாள். அளவுக்கு மீறிப் போனால் வீட்டிலேயே கிடக்கக் கூடாது, ஓடி வரவேண்டும் என்றாள்.

"அவருக்குத் தெரிஞ்சுடுமா?"

"மெல்லிசா நூல் ஒண்ணு இருக்கும். அனேகமாத் தெரியாது. ஏன், அடிப்பாரா?"

"ஐயோ, இல்ல! ரொம்ப நல்லவரு."

"அப்புறம் எதுக்கு ஒளிக்கற?"

"நல்லவருங்கறதாலதான்."

மிர்த்தா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "உன் ஒடம்பு, உன் சம்மதம் போதும். நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. எத ஒளிக்கறது சுலபம்னு பாத்து எடுக்காத. எது உனக்கு ஒத்துக்கும்னு பாத்து எடு. அடுத்த தீட்டு வந்ததும் வா."

இடையில் இருந்த நாட்களில் இலாரியா செய்த பெரிய தப்பு, டெல்ஃபினாவிடம் வாயைக் கொடுத்தது. டெல்ஃபினா அவளுடைய மூத்த பெண்ணுக்கு ஞானத்தாய்; அந்த உறவில் இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. எதிர்க்கடையில் குட்டி வீடுகள் விற்கிறவள்.

"காப்பர் டியா? கொமாத்ரே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று டெல்ஃபினா வாயில் அடக்கியிருந்த கோக்கா இலையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தாள். "அது மெதுவா மேல ஏறும். நெஞ்சுல போய்க் குத்தும். எங்க தெருவுல ஒருத்திக்கு அதையும் மீறிப் புள்ள பொறந்துச்சு, கையில அந்த டிய சாவி மாதிரிப் புடிச்சுக்கிட்டே வந்துச்சாம்!"

"பாத்தியா நீ?"

"பாத்தவங்க சொன்னாங்க. அதோட செம்பு குளிர்ச்சி. குளிர் ஏறின வயிறு சும்மாவா இருக்கும்?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "செவேரோ மாதிரி ஒரு ஆம்பளைக்கு இப்படிப் பண்ணலாமா? மூணு வருஷமா ஆசையா வாங்கித் தரான். புகை போட்ட பொம்மைய அலமாரில வெச்சுக்கிட்டு உள்ள பூட்டுப் போடுவியா? எக்கெக்கோ பாத்துக்கிட்டு இருப்பாரா?"

நெஞ்சில் குத்தும் என்பதற்கு இலாரியா பயப்படவில்லை. கடைசியில் சொன்னதுதான் குத்தியது. நாள் கணக்காக யோசித்தாள். வேண்டாம், அவனிடமே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். அவன் புருவம் எழுத உட்கார்ந்திருப்பான், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டர் குழந்தையை முட்டை போலப் பிடித்துக்கொண்டு. வந்த வார்த்தை திரும்பிப் போய்விடும்.

அதை முடித்து வைத்தது பிள்ளைகள். ஒரு நாள் சின்னவள் அலமாரியைப் பார்த்து, "அம்மா, இந்தப் பாப்பா எப்ப நெஜமா வரும்?" என்று கேட்டாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெரியவள் தலையைக்கூடத் தூக்காமல், "வந்தா அம்மா செத்துடுவாங்க," என்றாள். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். இத்தனை நாளும் இந்தப் பெண் இதை மனசில் வைத்துக்கொண்டா உருளைக்கிழங்கு உரித்தாள் என்று இலாரியாவுக்கு ஆடிப்போயிற்று.

தீட்டு வந்தது. பிளாஸ்டர் மாவு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் காப்பர் டி போட்டுக்கொண்டாள். உள்ளே கிள்ளிப் பிடித்து இழுத்தது போல வலித்தது, பிறகு அடங்கியது. வீடு திரும்பினால் செவேரோ வாசலில் நின்றுகொண்டு, "மாவு மூட்ட எங்க?" என்றான்.

மாவு வாங்க மறந்தே போயிருந்தாள்.

"கடை சாத்தியிருந்தது."

"செவ்வாக்கெழமையா?"

"செவ்வாக்கெழமைதான்."

"சரி விடு, நான் வேன்ல போகும்போது எடுத்துக்கறேன். நீ ஏன் இப்படி வெளுத்திருக்க? உக்காரு." சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தான். பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அன்றைக்கே எக்கெக்கோவை மாவு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். சாமி டப்பாவுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த தீட்டு, மிர்த்தா சொன்னபடியே, கூடுதலாக வந்தது. துணியை ஒளித்துத் துவைத்தாள், இரும்பு மாத்திரையை ஒளித்து விழுங்கினாள். திருடிக்குக்கூட இத்தனை வேலை இருக்காது. ஒரு பகலில் அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. கையிலிருந்த வாளி சரிந்தது. செவேரோ ஓடிவந்து தாங்கிக்கொண்டான். அவள் பாவாடையைப் பார்த்தான். அவன் முகத்தில் அந்த ஆஸ்பத்திரி நாளின் முகம் வந்து ஒட்டிக்கொண்டது.

"இலாரியா, உண்டாகியிருந்தியா? என்கிட்ட சொல்லவே இல்லயே!"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் தன் நெற்றியில் அறைந்துகொண்டான். "நான்தான் பண்ணேன். அந்த எழவு பொம்மைய நான்தானே வாங்கிட்டு வந்தேன். பலிச்சுடுச்சு. உன்னக் கொல்லப் பாத்திருக்கேன்."

"நீதானே ஆசப்பட்ட..." என்றாள் இலாரியா.

"நானா? எனக்கா?" செவேரோ அவளை விநோதமாகப் பார்த்தான். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, நீ இருக்க. எனக்கு எதுக்கு இன்னொண்ணு? நீதான் அன்னைக்கு ஆஸ்பத்திரில பெனாத்திக்கிட்டே இருந்த, அவன என்கிட்ட குடுங்க, அவன என்கிட்ட குடுங்கன்னு. அப்புறம் தூக்கத்துல அழுவ. உனக்குன்னுதான் வாங்கினேன். ஒவ்வொரு வருஷமும் வாங்கிக் குடுத்துட்டு, கடவுளே இது பலிக்க வேணாம்னு வேண்டிக்குவேன். அப்படி வேண்டறது உனக்குத் துரோகம்னும் இருக்கும்."

அவன் விசும்பிக்கொண்டே துணி தேடப் போய்விட்டான். இலாரியா ஈரப் பிளாஸ்டரில் உட்கார்ந்திருந்தாள். அடுத்தவங்க கையால வாங்கித் தந்தாத்தான் உன்னோட ஆசை நெறவேறும். வாங்கித் தருகிறவனுடைய ஆசை அல்ல, வாங்கிக்கொள்கிறவளுடைய ஆசை. சந்தையில் அவளைவிட அதிகமாக இதைச் சொன்னவள் யாரும் இல்லை. தன் வீட்டுக்கு வந்த பொம்மையை மட்டும் தலைகீழாகப் படித்திருக்கிறாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். குழந்தையும் இல்லை ஒன்றும் இல்லை, காப்பர் டி போட்டிருக்கிறேன் என்று ஒரே வரி. ஆனால் ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை இத்தனை நாள் ஒளித்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று நினைத்தாள். செவேரோ ஆட்டுத்தலைச் சூப் வைத்துக் கொண்டுவந்தான். பாத்திரம் கழுவினான், பெண்களுக்குச் சடை பின்னினான், கோணலாகப் பின்னினான். அவன் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய அந்த ஒரு வரி அவளுக்குக் கனத்துக்கொண்டே போயிற்று.

பிறகு மெதுவாகக் கேட்டான்: "அத எங்க வெச்ச?"

"எத?"

"கலைஞ்சத. பேர் வெச்சுப் புதைக்கணுமே. அப்படியே விட்டா ஆலங்கட்டி விழும்."

அந்த மலைநாட்டில் எந்த ஊர்க்காரனுக்கும் தெரிந்த சங்கதிதான் அது. கலைந்த கருவைப் பெயரில்லாமல், மண்ணில் போடாமல் விட்டால் வானம் கோபித்துக்கொண்டு பயிரை அடித்து நொறுக்கும். இலாரியா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொல்லத் தெம்பில்லாமல் அழுகிறாள் என்று நினைத்து அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் அவளை அறுத்தது. எக்கெக்கோவை டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

அந்த வாரம் ஆலங்கட்டி விழுந்தது. மார்ச் மாதத்தில் விழுகிறதுதான், எந்த வருஷம் விழவில்லை? தகரக் கூரையில் தடதடவென்று கொட்டியபோது செவேரோ சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டான். மறுநாள் காலையில் கிராமத்திலிருந்து அவன் அண்ணன் போன் செய்தார். உருளைச் செடி ஒன்றுகூட நிற்கவில்லையாம். ஊர் கூடி வீட்டுக்கு வீடு விசாரிக்கிறார்களாம். பட்டணத்துக்குப் போன குடும்பங்களும் வந்து சத்தியம் பண்ண வேண்டுமாம்.

செவேரோ நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டினான்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஊருக்கு. நம்ம வீட்டோடதுதான்னு சொல்லிடறேன். அபராதமா ஆடு கேப்பாங்க, குடுத்துடலாம். உன்ன ஒண்ணும் சொல்ல விட மாட்டேன், நான்தான் புதைக்காம விட்டேன்னு சொல்லிடுவேன். திட்டினா திட்டட்டும்." நாடாவை இறுக்கினான். "பேரு வெச்சுட்டேன், அத நெனச்சுக் கவலப்படாத. ஹசிந்தோன்னு வெச்சேன்."

ஹசிந்தோ என்பது இலாரியாவின் அப்பா பெயர். அந்தப் பையன் வயிற்றில் இருந்தபோது, ஆணாக இருந்தால் இதைத்தான் வைக்கவேண்டும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

"அன்னைக்கு அவனுக்கு வெக்க உன்னக் கேக்கத் தைரியம் வரல," என்றான் செவேரோ. "நீ மயக்கத்துல கெடந்த. கேக்காம எப்படி வெக்கறது? பேரில்லாமலே புதைச்சுட்டேன். இவனுக்காவது இருக்கட்டும்னு வெச்சேன்."

இலாரியா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கொழந்தையே இல்ல."

"இப்ப இல்ல, தெரியும்."

"எப்பவும் இல்ல செவேரோ. நான் உண்டாகவே இல்ல. காப்பர் டி போட்டுக்கிட்டேன். அதனாலதான் ரத்தம். மாவு வாங்கப் போறேன்னு போனேனே, அன்னைக்கு." நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னாள். "நீ புள்ள கேக்கறன்னு நெனச்சேன். முடியாதுன்னு சொல்ல வாய் வரல. நீ இல்லன்னு சொன்னப்புறமும் சொல்லல. நீ அழுதப்ப பாத்துக்கிட்டு இருந்தேன்."

செவேரோ ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப இத்தன நாளா நான் யாருக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்?"

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அடித்திருந்தால்கூட. அவன் அண்ணனுக்குப் போன் போட்டு, எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல, சத்தியம், என்று மட்டும் சொன்னான். இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று முழுக்க இலாரியா அச்சுகளைக் கழுவினாள். கழுவின அச்சையே திரும்பவும் கழுவினாள். பெண்கள் அப்பா எங்கே என்று கேட்டபோது தெரியாது என்றாள். அது ஒன்றுதான் அவள் அந்த மாதத்தில் தயங்காமல் சொன்ன உண்மை.

சாயங்காலம் வந்தான். தொப்பியைக் கழற்றாமலே நின்றான்.

"அதப் போட்டு விட்டவங்க எங்க இருக்காங்க?"

"சண்ட போடப் போறியா?"

"அவ்ளோ ரத்தம் போச்சே. அது சரிதானான்னு கேக்க வேணாமா?"

அப்போதுதான் இலாரியா அழுதாள்.

மறுநாள் மிர்த்தா சோதித்துப் பார்த்துவிட்டு முதலில் நன்றாகத் திட்டினாள். மயக்கம் போட்டு விழுந்தவள் அன்றைக்கே வர வேண்டாமா என்றாள். காப்பர் டி வைத்த இடத்தில் சரியாக இருக்கிறது. ரத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இரும்பு மாத்திரையைக் கூட்ட வேண்டும், தீட்டு நாளில் போக்கைக் குறைக்க மாத்திரை தருகிறேன் என்றாள்.

"எடுத்துடுங்க நர்ஸம்மா," என்றாள் இலாரியா.

"ஏன்? தாங்க முடியலயா?"

"அது இல்ல. ஒளிச்சுப் போட்டது. இது உள்ள இருக்கற வரைக்கும் இவரு மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

"ஒளிச்சவ நீ. அது என்ன பண்ணுச்சு பாவம்?" என்றாள் மிர்த்தா. "குத்த உணர்ச்சிக்கு இது மருந்தும் இல்ல, தண்டனையும் இல்ல. ரத்தம் போறது தாங்கலன்னு சொல்லு, இப்பவே எடுத்துடறேன். இல்ல, அவரு வேணாங்கறாரா?"

இரண்டு பேரும் செவேரோவைப் பார்த்தார்கள். அவன் தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். "என்ன எதுக்குக் கேக்கறீங்க? வயிறு அவளோடது. அவ உசுரோட இருந்தா எனக்குப் போதும்."

"ஆம்பளைங்களுக்கும் ஒரு வழி இருக்கு, சின்ன ஆபரேஷன்தான்," என்றாள் மிர்த்தா. தொப்பி மடியில் இன்னும் கொஞ்சம் இறுகியது. "ஒரேடியா வேணாம்னு சொல்லலம்மா, யோசிக்கறேன்," என்றான்.

இலாரியாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசித்தாள். முதல் தடவை இங்கே உட்கார்ந்திருந்தபோது எது அவன் கண்ணில் படாது என்று மட்டும்தான் யோசித்தாள். இன்றைக்கு ஒளிக்க ஆள் இல்லை. அப்படியானால் எதை எடுப்பேன்? தினமும் மாத்திரை போடுகிற ஞாபகம் அவளுக்குக் கிடையாது, மாவு மூட்டையையே மறந்தவள். ஊசி நாள் திருவிழாவில் தவறும். கைக்குச்சியை இப்போது தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் உள்ளே இருப்பதோடு உடம்பு சண்டை போட்டுக் கொஞ்சம் பழகிவிட்டது போலவும் இருந்தது. வலி முன்னளவு இல்லை.

"இருக்கட்டும்," என்றாள். "இன்னும் ரெண்டு மூணு மாசம் மாத்திரையோட பாக்கறேன். ரத்தம் கொறையலன்னா வந்து எடுத்துக்கறேன், அப்ப அந்தக் குச்சி. இப்ப இருக்கட்டும்."

"இது உனக்காகவா, அவருக்காகவா?"

"எனக்காகத்தான்."

வேன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. இலாரியா கேட்கவில்லை, எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல் ஆல்ட்டோ கல்லறையில் காற்று முகத்தில் மண்ணை அடித்தது. குழந்தைகளைப் புதைக்கிற மூலையில், வரிசையின் கடைசியில், ஒரு சின்ன சிமெண்டுப் பலகையின் முன்னால் செவேரோ நின்றான். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

செவேரோ சட்டைப்பையிலிருந்து கறுப்பு வர்ணப் புட்டியையும், புருவம் எழுதுகிற தூரிகையையும் எடுத்தான்.

"அந்தப் பேர இல்லாத ஒருத்தனுக்கு வெச்சுட்டேன். திருப்பி எடுத்துக்கலாமா?"

"அது இவனோடதுதான்," என்றாள் இலாரியா.

அவன் குனிந்து எழுத ஆரம்பித்தான். பிளாஸ்டர் குழந்தைக்கு ஒரே இழுப்பில் புருவம் போடுகிற கை இரண்டாவது எழுத்திலேயே நின்றுவிட்டது. இலாரியா பக்கத்தில் மண்டியிட்டாள். இத்தனை வருஷமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"அன்னைக்கு உன்கூட யாரு வந்தா?"

"யாரும் வரல. பெட்டி சின்னதுதானே, ஒரு ஆள் போதும்னாங்க."

இலாரியா அவன் கையிலிருந்து தூரிகையை வாங்கி, பெயரின் மீதி எழுத்துகளை எழுதினாள்.